பட்டுதா, படலையா

ஸ்ரீவில்லிபுத்தூரில் அவளைப் பார்த்துவிட்டு ராஜபாளையம் பஸ்ஸில் ஏறி நான் உட்காரும்முன் போன் வந்துவிடும். எடுத்தால் ஹலோ எல்லாம் கிடையாது. "நீ எழுந்துக்கும்போது உன் முந்தானை சுவத்துல பட்டுதா, படலையா?" என்றுதான் ஆரம்பிப்பாள். படவில்லை என்பேன். யோசிக்காமல் சொல்கிறாய் என்பாள். சரி என்று கொஞ்சம் யோசித்துவிட்டு, படவில்லை என்றால், இவ்வளவு யோசிக்க வேண்டியிருக்கிறது என்றால் சந்தேகம் இருக்கிறது என்றுதானே அர்த்தம் என்பாள். எப்படிச் சொன்னாலும் குற்றம். கண்டக்டர் டிக்கெட் கொடுத்துவிட்டுப் போய், பின்னால் ஏறியவர்களுக்கும் கொடுத்துவிட்டுத் திரும்பி வரும்போதும் நான் அதே முந்தானையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருப்பேன். பக்கத்து சீட்டுக்காரர்கள் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

கல்லூரியில் நாங்கள் ஒரே பெஞ்ச். அவள் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் ராஜபாளையத்துக்கு பஸ்ஸில் வருவாள். வைஷ்ணவக் குடும்பம், பெருமாளுக்குக் காட்டாமல் ஒரு வாய் சோறு இறங்காத வீடு. ஆனால் நான் பாதி கடித்த மாங்காயைப் பிடுங்கி உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்றவள். அந்த வாயும் இந்த வாயும் ஒன்றுதான் என்று இன்றைக்குச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். அவளே நம்புவதில்லை.

அவள் கல்யாணம் செய்துகொண்டு போனதும் ஆண்டாள் கோவிலுக்குப் பக்கத்துத் தெருதான். மாமியார், கணவர், பிறகு ஒரு பெண் குழந்தை. நான் ராஜபாளையத்திலேயே, ஆஸ்பத்திரிகளுக்கு பேண்டேஜ் துணி தயாரித்து அனுப்பும் ஒரு கம்பெனியில் பேக்கிங் பகுதிக்குப் பொறுப்பாக இருக்கிறேன். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைப் போய்ப் பார்ப்பது வழக்கம். வழக்கம் என்று சொல்கிறேன், வேண்டுதல் என்று சொன்னாலும் தப்பில்லை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்கட்டு வழியாகப் போக வேண்டும். அவள் மொண்டு ஊற்றுகிற தண்ணீரில் முழங்கால்வரை கழுவ வேண்டும். கைப்பையை அதற்கென்று அடித்த ஆணியில் மாட்ட வேண்டும். பஸ்ஸில் பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள், தும்மினார்களா என்கிற விசாரணைக்குப் பதில் சொல்ல வேண்டும். இதெல்லாம் முடிந்து காப்பி வரும். டம்ளரை என் கையில் தர மாட்டாள், கீழே வைத்துவிட்டு விலகி நிற்பாள். குடித்து முடித்ததும் இடுக்கியால் எடுத்துக்கொண்டு போவாள். சட்டிபானைக்குக் கொடுக்கிற மரியாதையாவது எனக்குக் கொடுக்கக்கூடாதா என்று கேட்டால் சிரிக்க மாட்டாள், அழுவாள். அதனால் கேட்பதையும் விட்டுவிட்டேன்.

மடி என்றால் எனக்கும் தெரியும். அந்தத் தெருவில் எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். குளித்துவிட்டு, தனியாக உலர்த்திய புடவையைக் கட்டிக்கொண்டு, வெளி ஆளையும் வெளிப் பொருளையும் தொடாமல் சமைத்து, பெருமாளுக்குக் காட்டுவார்கள். காட்டி முடிந்து சாப்பிட்டும் முடிந்தால் மடியும் முடிந்தது. அவளுடைய மாமியார் அப்படித்தான். காலையில் கிட்டே போக முடியாது. மத்தியானம் பார்த்தால் வேறு புடவையில் கூடத்தில் காலை நீட்டிக்கொண்டு, பக்கத்து வீட்டுக் குழந்தையை மடியில் போட்டு டிவி பார்த்துக்கொண்டிருப்பார். என் தோளில் தட்டிப் பேசுவார்.

இவளுக்கு அந்த மத்தியானம் வருவதே இல்லை. முதலில் சமையலறை மட்டும் என்று இருந்தது, பிறகு பால் பாக்கெட்டுக்கு சோப்பு, கதவுத் தாழ்ப்பாளுக்கு சோப்பு என்று பரவியது. பேப்பர்காரரின் கை பட்டது என்று பேப்பரை நிறுத்தினாள். சிலிண்டர் வந்த அன்றைக்கு நடை முழுவதும் கழுவினாள். குழாயில் தண்ணீர் வருவதே விட்டுவிட்டுத்தான், அதில் மாடித் தொட்டியைக் காலையிலேயே காலி செய்துவிடுவாள். அவள் கணவர் லாரித் தண்ணீருக்குப் போன் போட்டுக்கொண்டே ஆபீஸ் போவார். அவளுடைய கைகளைப் பார்க்க எனக்கு வயிறு எரியும். கோடையில் வற்றிய கண்மாய் மாதிரி வெடித்துப்போய், விரல் இடுக்கில் ரத்தம் கசிந்துகொண்டிருக்கும்.

இதற்கு ஊரில் என்ன பெயர் தெரியுமா? பக்தி. இந்தக் காலத்தில் இப்படி ஒரு மருமகளா என்று சொந்தக்காரர்கள் வியந்தார்கள். தெருவில் மற்ற மருமகள்களுக்கு இவளை உதாரணம் காட்டினார்கள். மார்கழியில் கூடாரவல்லி அன்று அக்காரவடிசில் செய்ய, சுத்தமான கை என்று நாலைந்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து இவளைத்தான் கூப்பிட்டார்கள். வெடித்த விரலில் நெய் பட்டு எரிய எரிய அவள் கிண்டிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். பார்த்த மற்றவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். நோய்க்கு மாலை போட்டுக் கும்பிட்டால் அது ஏன் வீட்டைவிட்டுப் போகப்போகிறது?

கொரோனா வந்தது. வெறும் வாயை மெல்லுகிறவளுக்கு அவல் கிடைத்த கதைதான். உலகமே கையைக் கழுவு, தள்ளி நில் என்றது. அந்த ஒரு காலத்தில்தான் அவள் நிம்மதியாக இருந்தாள். போனில்கூட, இப்பவாவது புரிந்ததா என்று என்னைக் கேலி செய்தாள். அப்புறம் ஊர் முகக்கவசத்தைக் கழற்றி எறிந்துவிட்டுக் கல்யாணம், கச்சேரி என்று கிளம்பியது. இவள் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள்.

ஒரு தடவை என் வேலையைப் பற்றி அவளிடம் சொன்னேன். எங்கள் பொட்டலங்களின் மேல் ஒரு டேப் ஒட்டுவோம். நீராவி இயந்திரத்துக்குள் வைத்து எடுக்கும்போது அதில் இருக்கும் கோடு கறுத்திருக்கும். கறுத்துவிட்டால் கிருமி போயிற்று என்று அர்த்தம், வேலை முடிந்தது, மூடி லாரியில் ஏற்றுவோம். ஆஸ்பத்திரிக்குப் போகிற துணிக்கே அவ்வளவுதான் சுத்தம், உன் வீட்டுச் சுவருக்கு அதற்கு மேல் எதற்கு என்று கேட்டேன்.

"எனக்கு அந்தக் கோடு கறுக்கவே மாட்டேங்கறதுடி" என்றாள்.

அன்றைக்குத்தான் அவளுக்கே தெரிந்திருக்கிறது என்று எனக்குப் புரிந்தது. தெரிந்தும் கழுவுகிறாள். அது எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. டாக்டரிடம் போவோம் என்றேன். அவள் என்னை வெளியே அனுப்பிவிட்டு நான் உட்கார்ந்த இடத்தைக் கழுவினாள்.

அவள் பெண் எட்டாம் வகுப்பு அரைப் பரீட்சை லீவில் வயதுக்கு வந்தாள். அந்த வீட்டு வழக்கப்படி மூன்று நாள் பின்னறையில் இருந்தாள். பெண்ணுக்கு அதில் பெரிய வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. போன் இருந்தது, பாட்டி நிலைப்படிக்கு வெளியே உட்கார்ந்து கதை பேசினார். நாலாம் நாள் தலைக்குக் குளித்துப் புதுப் பாவாடை கட்டிக்கொண்டு ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொள்ளப் போனாள். அம்மா பின்னால் நகர்ந்தாள். இன்னொரு தரம் குளித்துவிட்டு வா என்றாள். குளித்துவிட்டு வந்தாள். இன்னொரு தரம் என்றாள்.

அதற்கப்புறம் அந்த நாலாம் நாள் வரவே இல்லை. மாதங்கள் போயின. பெண்ணுக்குத் தனித் தட்டு, தனிப் பாய், தனி வாளி. பாடப் புத்தகங்களைக்கூட வெயிலில் வைத்துத்தான் எடுக்க வேண்டும். தலை பின்னுவது பாட்டியிடம் போயிற்று. நான் போனபோதெல்லாம் பெண் பின்னறையிலிருந்து கையசைத்ததைப் பார்த்து, ஏதோ அந்த நாட்கள்தான் போல என்று நினைத்துக்கொண்டேன். ஒரு நாள் பெண்ணே எனக்குப் போன் செய்தாள்.

"ஆன்ட்டி, நான் சென்னைக்கு சித்தியாத்துக்குப் போறேன். அங்கயே படிச்சுக்கறேன். நான் இல்லேன்னா அம்மாவுக்குக் கழுவற வேலை குறையும்" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குத் தாங்கியிருக்கும். லிஸ்ட் போட்டுச் சாமான் வாங்கப் போகிறவள் மாதிரி சொன்னாள்.

மறுநாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். முதலில் அவள் கணவரைப் பிடித்தேன். நல்ல மனிதர், சண்டை என்றால் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். அவள் சுபாவம் அது, ஆசாரமாக இருப்பவளை மனநோய் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனால் ஊர் என்ன சொல்லும், பெண் சென்னையில் நன்றாகத்தானே படிப்பாள் என்றார். பெண்ணை அனுப்பிவிட்டு யாரைக் காப்பாற்றப் போகிறீர்கள் என்று கேட்டேன். சட்டையை மாட்டிக்கொண்டார். அவரிடம் பேசுவது செவிடன் காதில் சங்கு ஊதுவதுதான் என்று தெரிந்து, மாமியார் பக்கம் திரும்பினேன். சமையல் முடியும் தறுவாயில் மடிப் புடவையோடு நின்றிருந்தார். தள்ளியே நின்று கேட்டேன்.

"அம்மா, நாலாம் நாள் தலைக்குக் குளிச்சாச்சுன்னா தீட்டு போயிருமா, போகாதா?"

"போயிடும். இதென்ன கேள்வி?"

"அப்ப நீங்க பேத்தியைத் தொடுதீகளா?"

"நான்தானே தெனமும் தலை பின்னி விடறேன்."

"இம்புட்டு மடியா இருக்கிற நீங்க தொடலாம், பெத்தவ தொடக்கூடாதுன்னா அது எந்த மடி? நீங்களே சொல்லுங்க."

அவர் அடுப்பை அணைத்தார். ஈயச் சொம்பை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். அப்புறம் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த மகனைக் கூப்பிட்டு, "இது மடி இல்லைடா. மடின்னா முடியற நேரம்னு ஒண்ணு உண்டு. இத்தனை நாள் நானும் பெருமையா நெனச்சுண்டு இருந்துட்டேன்" என்றார். அந்த வீட்டில் மடிக்கு அவர்தான் சுப்ரீம் கோர்ட். தீர்ப்பு வந்துவிட்டது, மேல்முறையீடு கிடையாது. அடுத்த வாரமே கார் வைத்துக்கொண்டு மதுரைக்கு டாக்டரிடம் கிளம்பினோம்.

டாக்டர் அறைக்கு வெளியே நாற்காலிகள் காலியாக இருந்தும் அவள் உட்காரவே இல்லை. காத்திருந்த நேரம் முழுவதும் கையை உடம்பில் படாமல் தூக்கிக்கொண்டு நின்றாள். டாக்டர் பொறுமையாகக் கேட்டார். இது பக்தியும் இல்லை, பிடிவாதமும் இல்லை, இதற்குப் பெயர் உண்டு, மருந்து உண்டு, பயிற்சியும் உண்டு என்றார். பெயர் இருக்கிறது என்றதும் அவள் தேம்பி அழுதாள். பயிற்சி என்றால், பயப்படுகிற பொருளைத் தொட வேண்டும், தொட்டுவிட்டுக் கழுவாமல் இருக்க வேண்டும், பயம் தானாக இறங்கும்வரை. எங்களுக்கும் ஒன்று சொன்னார். அவள் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லாதீர்கள், பதில் சொல்லச் சொல்லக் கேள்வி வளரும் என்றார்.

எனக்கு உள்ளூர சந்தோஷம். இத்தனை வருஷம் முந்தானைக்கு சாட்சி சொல்லி வாய் வலித்தவளுக்கு, இனி வாயை மூடிக்கொண்டிருக்க டாக்டரே சீட்டுக் கொடுத்துவிட்டார் என்று நினைத்தேன். அது எவ்வளவு பெரிய கொடுமை என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. "பட்டுதா?" என்பாள். பதில் சொல்ல மாட்டேன், உனக்கே தெரியும் ஏன் என்று என்பேன். ஒரே ஒரு தரம், இதுதான் கடைசி, சத்தியமாக என்பாள். கெஞ்சுவாள். திட்டுவாள். ஒரு வார்த்தை சொன்னால் உன் சொத்து குறைந்துவிடுமா, நீ எல்லாம் ஒரு சினேகிதியா என்பாள். அவள் நம்பரை நான் எடுக்காவிட்டால் கணவர் போனிலிருந்து கூப்பிடுவாள். நேராகக் கேட்டால் சொல்ல மாட்டேன் என்று தெரிந்துகொண்டு சுற்றி வளைத்து வருவாள். அன்றைக்கு நீ கட்டியிருந்த புடவை நன்றாக இருந்தது, முந்தானை ரொம்ப நீளமோ என்பாள். வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டியவள்.

ஒரு நாள் பேக்கிங்கில் அவசர ஆர்டர். தலையில் குல்லா, வாயில் மாஸ்க், நிற்க நேரமில்லை. விடாமல் போன் அடித்தாள். எடுத்து, "ஏட்டி, உன் சுவத்துக்கு வாயிருந்தா அதுவே அழுதிரும், என்னையத் தொட்டாதான் தொட்டுட்டுப் போங்களேன்னு கேட்டிரும்" என்றேன். அந்தப் பக்கம் சிரித்தாள். கல்லூரியில் சிரித்த அதே சிரிப்பு, மூக்கால் ஒரு சத்தம் வருமே, அது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. சிரித்து முடித்துவிட்டு, "சரி, பட்டுதா, படலையா?" என்றாள். போனை அணைத்துவிட்டு, குல்லாவைக் கழற்றித் தரையில் அடித்தேன்.

இதற்கு நடுவில் அவள் கணவர் ரகசியமாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். படவில்லை, படவில்லை என்று ஜபம் மாதிரி. நான் இங்கே கல்லாக இருந்து கட்டுவதை அவர் அங்கே உட்கார்ந்து உடைத்துக்கொண்டிருந்தார். கண்டுபிடித்து சண்டைக்குப் போனேன். அவர் சட்டையை மாட்டவில்லை அன்றைக்கு. "நீங்க பஸ் ஏறிப் போயிடறேள். கூட இருக்கறது நான். அவ தலையில அடிச்சுண்டு அழறதை நீங்க பார்த்ததில்லை" என்றார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். பதில் இல்லாத கோபம்தான் ரொம்ப எரியும்.

இருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது. தாழ்ப்பாளைத் தொட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாள். பெண்ணின் பள்ளிப் பையைத் தொட்டாள். ரிப்பனைத் தொட்டாள், சீப்பைத் தொட்டாள். ஒவ்வொன்றுக்கும் வியர்த்து நடுங்கினாள். அடுத்தது பெண்ணின் கை என்று டாக்டர் சொல்லியிருந்தார். அங்கே வந்து நின்றுவிட்டாள். பெண்ணும் தினமும் ஹாலில் கையை நீட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பாளாம். அம்மா விரலை நீட்டிக்கொண்டு வந்து, ஒரு சாண் தூரத்தில் மடக்கிக்கொள்வாளாம். பரவாயில்லம்மா, நாளைக்குப் பார்க்கலாம் என்று பெண் சொல்வாளாம். மாமியார் இதைச் சொன்னபோது எனக்கு அவளை உலுக்க வேண்டும் போலிருந்தது. கோடை லீவு முடிந்து பள்ளி திறக்க நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஏட்டி, ஒரு தடவை தொட்டுவிடு, பெண் போகாமல் இருந்துவிடுவாள் என்று போனில் கத்தினேன். கத்தினால் ஆகிற காரியமா அது?

ஆகவில்லை. சென்னையில் இடம் கிடைத்து, பணமும் கட்டி, பெண் அப்பாவோடு காலையில் மதுரை பஸ் பிடிப்பது என்று முடிவாயிற்று. நான் வேலைக்குப் போகும்முன் வழியனுப்ப ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். அங்கே அவள் நின்றிருந்தாள். வருஷக்கணக்கில் பஸ் ஸ்டாண்ட் பக்கமே வராதவள். புடவையை ஒரு பக்கம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எச்சிலும் எண்ணெயுமாகக் கிடந்த தரையில், யார்மேலும் படாமல் குறுகி நின்றாள். ஆட்டோவில் வந்தாளாம். மாமியார் வீட்டிலேயே கண்ணீர்விட்டு வழியனுப்பியிருந்தார்.

பெட்டிகளை ஏற்றிவிட்டு அப்பா உள்ளே போய்விட்டார். பெண் என்னைக் கட்டிக்கொண்டாள். அம்மாவுக்குத் தள்ளி நின்றே கையசைத்துவிட்டுப் படியில் கால் வைத்தாள். அப்போது அம்மா போய்ப் பெண்ணின் கையைப் பிடித்தாள். இரண்டு கையாலும் பிடித்தாள்.

பெண் பயந்துபோய்விட்டாள். "வேண்டாம்மா, விடு, அப்புறம் நீதான் கஷ்டப்படுவே" என்று இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். அவள் விடவில்லை. பின்னால் வந்தவர் ஏறணுமா வேண்டாமா என்று சலித்துக்கொண்டார். கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார். பெண் அம்மாவையே பார்த்துக்கொண்டு ஏறினாள், பஸ் கிளம்பியது.

அவள் கைகளை உடம்பில் படாமல் அகலமாக வைத்துக்கொண்டு நின்றாள். முகம் வெளுத்திருந்தது. டீக்கடைக்குப் பக்கத்தில் ஒரு குழாய் இருந்தது. அவள் பார்வை அங்கே போவதைப் பார்த்தேன். கேட்கப் போகிறாள், நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அவள் கேட்கவில்லை.

"என்னை அங்க போக விடாதே. கையைப் பிடிச்சுக்கோ" என்றாள்.

என் கை பஸ் கம்பியைப் பிடித்துவிட்டு வந்த கை. அது அவளுக்கும் தெரியும். பிடித்தேன். கல்லூரிக்குப் பிறகு அவளை நான் தொட்டது அன்றைக்குத்தான். சொரசொரவென்று இருந்தது. அவளுடைய நகம் என் மணிக்கட்டில் பதிந்தது. ராஜபாளையம் பஸ் ஒன்று வந்து நின்று போயிற்று. இன்னொன்றும் போயிற்று. ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது, சூப்பர்வைசர் கத்துவார். கால் கடுத்தது. பசித்தது. அவள் குழாய்ப் பக்கம் ஒரு அடி வைப்பாள், நான் இழுப்பேன், திரும்பி வருவாள்.

அவளுடைய போன் அடித்தது. அவள் கையை விடாமல், இன்னொரு கையால் எடுத்து அவள் காதில் வைத்தேன். பெண்தான். எனக்கும் கேட்டது.

"அம்மா, கை அலம்பிட்டியா?"

"இல்லடி" என்றாள். "இன்னும் இல்லை."

அந்தப் பக்கம் பெண் அழ ஆரம்பித்தாள், இந்தப் பக்கம் இவள். பாவி, இதை ஒரு பத்து நாள் முந்திச் செய்திருக்கக் கூடாதா, பெண் ஊரில் இருந்திருப்பாளே என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கையை மட்டும் நான் விடவில்லை.